சி.எஸ்.ஆர். என்றால் தமிழில் என்ன?

வேலூர்ப் பக்கம் ‘சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க’ என்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், புகாருக்குக் கொடுக்கும் ரசீது. இங்கே சொல்ல வந்தது இன்னொரு சி.எஸ்.ஆர்., அரசுப் பள்ளிச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் கம்பெனி பெயரோடு எழுதியிருக்குமே, அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, அந்த வழியில் வறுமை ஒழிப்பில் இறங்கும் கம்பெனிக்குப் புத்தாக்கம், அதாவது புதியதைக் கண்டுபிடிக்கும் திறன், கூடுமா என்ற இரண்டையும் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் Corporate Social Responsibility, செய்தித்தாள் தமிழில் ‘பெருநிறுவன சமூகப் பொறுப்பு’. 1953-ல் ஹோவர்ட் போவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் தொழிலதிபர்களின் சமூகப் பொறுப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார், இந்தப் பேச்சின் வரலாற்றைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியது: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். செலவிடக்கூடிய இனங்களின் பட்டியலில் முதலில் வருவதே பசியும் வறுமையும் ஒழிப்பதுதான்.

அப்புறம் என்ன, சொல் பணமாகிவிட்டது. ‘சி.எஸ்.ஆர். ஃபண்ட் கிடைக்குமா’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பொறுப்பு என்பது ‘பொறு’, அதாவது சுமப்பது, என்ற வேரிலிருந்து வந்தது. செக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர் எதைச் சுமக்கிறார்?

வறுமை ஒழிப்பில் இறங்கும் கம்பெனிக்குப் புத்தாக்கம் கூடுமா என்ற கேள்விக்கும் பணம் தருவதா, சுமப்பதா என்பதில்தான் பிடி இருக்கிறது. சீனாவில் 2013-க்குப் பிறகு வந்த வறுமை ஒழிப்புத் திட்டத்தில் அரசு தனியார் கம்பெனிகளையும் இழுத்துவிட்டதால் அங்கே இதைப் பற்றி நிறைய ஆராய்கிறார்கள். நல்ல பெயர், அரசின் ஆதரவு, புதுச் சந்தை எல்லாம் கிடைத்து ஆராய்ச்சிக்குக் கை நீளும் என்பது ஒரு வாதம், ஆராய்ச்சிக்குப் போக வேண்டிய பணமும் ஆளும் இதில் போய்விடும் என்பது எதிர்வாதம். என்னைக் கேட்டால் பணம் மட்டும் போன இடத்தில் எதுவும் முளைக்காது, ஆள் போன இடத்தில் முளைக்கலாம்.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1940-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் ஏன் புண் வருகிறது என்று பார்த்தார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆணி குத்தினாலும் தெரியாது. அதற்காக மெத்தென்ற நுண்ணறை ரப்பரில், ஆணி இல்லாமல் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குவது அந்த ரப்பர்தான். இதைச் செய்தது கம்பெனி இல்லை, ஆஸ்பத்திரி, சரி. ஆனால் ஏழை நோயாளியின் காலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இந்தச் செருப்பு வந்திருக்காது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் எப்படி? இன்னொரு சிக்கல், தன் வழக்கமான தொழிலுக்குள் செய்யும் செலவைச் சட்டம் பொதுவாக சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்காது, அதனால் கம்பெனிகள் தமக்குக் கைவந்த வேலையை விட்டுவிட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விடுகின்றன.

சரி, தமிழ்ச் சொல்? குறளில், ஊருக்கு உதவி வாழ்வதைச் சொல்லும் ஒப்புரவறிதல் அதிகாரம் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்குகிறது, மழைக்கு யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே என்ற பொருளில். புத்தாக்கம் கிடைக்குமா என்று கணக்குப் பார்ப்பது வள்ளுவர் வேண்டாம் என்ற கைம்மாறுதான், அதனால் ‘ஒப்புரவு’ என்ற சொல்லை இதற்குத் தரக் கொஞ்சம் யோசிப்பேன். ‘நிறுவனச் சமூகக் கடப்பாடு’ பொருந்தும். சட்டத்துக்காகக் கட்டும் 2 சதவீதத்தை மட்டும் ‘சி.எஸ்.ஆர். நிதி’ என்றே எழுதிவிடலாம்.