சட்டபூர்வமாக்கல், குற்றநீக்கம், தீங்கு: கஞ்சா பற்றி வாதாடுவதற்கு முன் சில சொற்கள்

"தாய்லாந்தில் கஞ்சா லீகல், கனடாவில் லீகல், போர்ச்சுகலில் எல்லாமே லீகல், இங்கே மட்டும் ஏன் தூக்கு?" சிங்கப்பூரில் தேசியச் சேவையில் இருக்கும் பையன் ஒருவன் குடும்ப விருந்தில் இப்படிக் கேட்பான். "பியர் மட்டும் நல்லதா மாமா?" என்று அடுத்த கேள்வியும் வரும். பெரியவர்கள் பெரும்பாலும் "இந்தப் பேச்சே வேண்டாம்" என்று அடக்கிவிடுவார்கள். அடக்கக் கூடாது என்பேன். பதில் தெரியாமல் வாயை அடைத்தால் அவன் வேறு எங்காவது போய் அரைகுறையாகத் தெரிந்துகொள்வான், அவ்வளவுதான். அவன் சொன்ன மூன்று நாடுகளும் செய்தவை மூன்று வேறு காரியங்கள், மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

லீகலைசேஷன். லத்தீனில் சட்டத்துக்கு 'லெக்ஸ்' என்று பெயர், அந்த வேரிலிருந்து வந்தது. தமிழில் 'சட்டபூர்வமாக்கல்' என்கிறோம், சிலர் இடையில் 'ப்' போட்டுச் சட்டப்பூர்வம் என்றும் எழுதுகிறார்கள். பூர்வம் வடசொல், அதிகாரபூர்வம், ஆதாரபூர்வம் எல்லாம் இதே வார்ப்பு. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'சட்ட ஏற்பு' என்று எழுதலாம், எனக்கு அதுதான் பிடிக்கும், சின்னதாக இருக்கிறது, படித்ததும் புரிகிறது. பொருள் இதுதான்: விளைவிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது ஆகிய முழுச் சங்கிலியையும் அரசு தன் விதிகளுக்குள் கொண்டுவருகிறது. உலகில் முதலில் கஞ்சாவுக்கு இப்படிச் செய்த நாடு உருகுவே. 2013இல் சட்டம் போட்டார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டவர் மருந்துக்கடையில் மாதம் 40 கிராம்வரை வாங்கலாம். அடுத்து கனடா, 2018 அக்டோபர் 17. அங்கே பெரியவர் ஒருவர் பொது இடத்தில் 30 கிராம்வரை வைத்திருக்கலாம், ஆனால் வயது வராத பிள்ளைக்கு விற்றால் 14 ஆண்டுவரை சிறை. ஆகவே சட்ட ஏற்பு என்றால் கட்டவிழ்த்துவிடுவது என்று பொருளில்லை. இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதே இல்லை.

டிகிரிமினலைசேஷன் வேறு. 'குற்றநீக்கம்' என்று எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் ஒருவர்மேல் சுமத்திய குற்றத்தை நீக்கியதுபோல் அது காதில் விழுகிறது. 'குற்றப்பட்டியல் நீக்கம்' என்றால் நீளம்தான், ஆனால் தெளிவு. போர்ச்சுகல் 2001இல் செய்தது இது. சுமார் பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நிறுத்தமாட்டார்கள். மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன் போக வேண்டும், அவர்கள் சிகிச்சைக்கு வழி சொல்லலாம், அபராதம் போடலாம். ஆனால் தடை அப்படியேதான் இருக்கிறது, விற்றவனுக்குச் சிறையும் அப்படியே இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்ப்பேட்டையில் கட்டணம் கட்டாமல் வண்டியை நிறுத்தினால் சம்மன் வரும், கைவிலங்கு வராது, அதற்காக அப்படி நிறுத்துவது சரி என்று ஆகிவிடாது அல்லவா? அந்த மாதிரி. "போர்ச்சுகலில் எல்லாமே லீகல்" என்பது அப்பட்டமான தவறு.

நெதர்லாந்தில் 1976 முதல் இருப்பது மூன்றாவது வகை. சட்டப்படி இன்னும் தடை, ஆனால் காப்பிக்கடை என்ற பெயரில் இயங்கும் கடைகளில் ஆளுக்கு 5 கிராம்வரை விற்பதை அரசு தண்டிப்பதில்லை. அந்தக் கடைக்காரர் சரக்கை எங்கே வாங்குகிறார் என்றால், அது நெடுங்காலமாகச் சட்டவிரோதச் சந்தையிலிருந்துதான். இதற்கு நம்மிடம் நல்ல சொல் தயாராக இருக்கிறது: கண்டும் காணாமல் விடுதல்.

தாய்லாந்துக்கு வருவோம், நமக்குப் பக்கத்து நாடு, விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2022 ஜூனில் அவர்கள் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்கள் அதன் இடத்தில் வைக்க வேண்டிய முழுமையான ஒழுங்குச் சட்டத்தை உடனே கொண்டுவரவில்லை. கடைகள் தெருத்தெருவாக முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திருப்பினார்கள். இதைச் சட்ட ஏற்பு என்று சொல்வது சரியில்லை. 'பட்டியல் நீக்கம்' என்பதே பொருத்தம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும் இடம் என்பதால். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். போன நாட்டில் அது எந்தப் பெயரில் இருந்தாலும் நம் சட்டம் கேட்காது. 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் உட்கொண்டதற்கு 10 ஆண்டுவரை சிறை, 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை.

சட்டபூர்வம் என்ற நிலை நம் மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1820இலேயே, சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ஆளுநராக (ரெசிடென்ட்) இருந்த ஃபர்குஹார் காலத்தில் அபினுக்கும் சாராயத்துக்கும் சூதாட்டத்துக்கும் குத்தகை விட்டார்கள். குத்தகைதாரர் அரசுக்குப் பணம் கட்டுவார், கூலியாட்களிடம் விற்று வசூலிப்பார். 1910இல் காலனி அரசே அபின் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாசிர் பாஞ்சாங்கில் இருந்த அதன் ஆலைக்கு மேலே எழும் குன்றின் பெயர் புக்கிட் சண்டு, மலாயில் அபின் குன்று. சண்டு என்பது புகைப்பதற்கு ஏற்றபடி காய்ச்சிய அபின். இன்று அந்தக் குன்றில் போர் நினைவுக் காட்சியகம் இருக்கிறது. ஆக, அரசின் முத்திரையோடு விற்கப்பட்ட அபினும் சட்டபூர்வமாகத்தான் இருந்தது. சட்டபூர்வம் என்பது சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பொருள் உடம்புக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

இதே அளவுகோல் மதுவுக்கும் பொருந்தும். தமிழில் இங்கே ஒரு வழக்கம் படிந்துவிட்டது: "மது, போதைப்பொருள்" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம், மது போதையே தராது என்பதுபோல. பழைய தமிழ் அப்படிப் பிரிக்கவில்லை. கள், களி, களிப்பு எல்லாம் ஒரு குடும்பம். கள் குடித்தவனின் மயக்கமும் மகிழ்ச்சியும் ஒரே வேரில் கிடக்கின்றன. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், அதில் கள்ளுண்பவரை நஞ்சுண்பவர் என்றார். மது வடமொழியில் தேனைக் குறித்த சொல். நாம் பேசும்போது அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டே வருகிறது.

சரி, எது கெடுதல் அதிகம்? இந்தக் கேள்விக்கு 'தீங்கு' என்ற சொல்லைத்தான் வைக்க வேண்டும், 'ஆபத்து' இல்லை. ஆபத்து என்பது நேரலாம் என்பது. தீங்கு என்பது நேர்ந்தது, நேர்வது. பிரிட்டனில் டேவிட் நட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 20 பொருள்களை 16 அளவுகோல்களில் மதிப்பிட்டு, மதுவுக்கு நூற்றுக்கு 72, ஹெராயினுக்கு 55, கஞ்சாவுக்கு 20 என்று புள்ளி கொடுத்தார்கள். கஞ்சா ஆதரவாளர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எண்ணை ஒதுக்க வேண்டாம், ஆனால் உள்ளே பாருங்கள். மதுவின் 72இல் பெரும்பங்கு பிறருக்கு வரும் தீங்கு: அடிபடும் மனைவி, விபத்தில் சிக்கும் வழிப்போக்கர், குடும்பத்தின் வறுமை. மது எங்கும் கிடைக்கிறது, கோடிக்கணக்கானோர் குடிக்கிறார்கள், அதனால் தீங்கும் அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது. கஞ்சாவும் அதே அளவுக்குக் கிடைத்தால் அதன் புள்ளி 20இலேயே நிற்குமா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

மதுவைப் பற்றித் தெரிந்தது நிறைய. 2019இல் மட்டும் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாய், தொண்டை, ஈரல், மார்பகம் உட்பட ஏழு வகைப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஒரேயடியாக அதிகம் குடித்தால் மூச்சு நின்று சாகலாம். கஞ்சாவை மட்டும் அதிகம் எடுத்து அப்படிச் சாவது மிக மிக அரிது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும், மறைத்தால் பிள்ளைகள் நாம் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள். அதே நேர்மையோடு அடுத்ததையும் சொல்ல வேண்டும். வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது, பதின்ம வயதில் தொடங்கியவர்கள் அடிமையாவது அதிகம். இன்றைய கஞ்சா தாத்தா காலத்துக் கஞ்சாவும் இல்லை: அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் மயக்கம் தரும் டிஎச்சியின் அளவு 1990களின் நடுவில் சராசரியாக 4 விழுக்காடு, இப்போது 15ஐ ஒட்டி.

"மது அதைவிடக் கெடுதல், ஆகவே கஞ்சாவை அனுமதி" என்பவர் மதுவை அனுமதித்ததால் வந்த தீங்கைத்தான் சான்றாகக் காட்டுகிறார், அது அவர் வாதத்துக்கே எதிராகத் திரும்பக்கூடியது. "மது சட்டபூர்வம், ஆகவே பரவாயில்லை" என்று குடிக்கும் பெரியவரும் அதே அளவு தவறு செய்கிறார். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இரவு பத்தரை ஆனதும் கடைக்காரர் பியர் இருக்கும் குளிர்பெட்டிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் வந்த சட்டம் அது. பத்தரை முதல் காலை ஏழுவரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் இறுக்கம். மதுவின் தீங்கை அரசு அறிந்தே கட்டிப்போட்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சங்கிலியே போதும்.

இன்னும் சில சொற்கள். கஞ்சா வடமொழியில் 'கஞ்ஜா', மலாயிலும் அதுவே, இந்தியக் கூலிகளோடு ஜமைக்காவுக்கும் போனது. பூவோடு கூடிய நுனி கஞ்சா, இலை பாங், பிசின் சரஸ். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் நுனியோடு சேராத இலையைக் கஞ்சா என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை, அதனால்தான் வடக்கே ஹோலிக்குப் பாங் அரைக்கிறார்கள். இங்கே அந்த வேறுபாடெல்லாம் செல்லாது. சித்த மருத்துவத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர் உண்டு, அன்றாடத்துக்குக் கஞ்சா என்பதே போதும். 'போதை மருந்து' என்று எழுதாதீர்கள், மருந்து என்றதும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. நம் ஊர் வழக்கான 'போதைப்பொருள்' நல்ல சொல். 'மருத்துவக் கஞ்சா' என்பதிலும் கவனம் வேண்டும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கன்னபிடியோல் என்ற, சோதித்துத் தயாரித்த மருந்தை இங்கேயும் தனித்தனி நோயாளிக்கு அனுமதித்திருக்கிறார்கள். அதைக் 'கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து' என்றே எழுதுங்கள்.