‘ரைட் டு வொர்க்’: இதில் வேலை எங்கே?

‘வேலை உரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் வழக்கு.’ அமெரிக்கச் செய்திகளுக்குத் தமிழில் இப்படித் தலைப்பு வைப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டேனோ, கணக்கில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா இதைப் படித்துவிட்டு, “வேலை கொடுக்கிற சட்டத்தையா எதிர்க்கிறாங்க? அந்த ஊர்ச் சங்கக்காரனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை, மொழிபெயர்த்தவர்மேல்.

அமெரிக்காவில் ‘ரைட் டு வொர்க்’ எனப்படும் இந்தச் சட்டம் யாருக்கும் வேலை தருவதில்லை. ஆலை நிர்வாகமும் சங்கமும் போடும் ஒப்பந்தத்தில் ‘இங்கே வேலை பார்ப்பவர் எல்லாரும் சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும்’ என்று ஒரு ஷரத்து இருக்கும். அந்த ஷரத்து செல்லாது என்கிறது சட்டம், அவ்வளவுதான். அப்படித் தடுக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் மாநிலங்களுக்கு உறுதிசெய்தது. இன்று 26 மாநிலங்களில் இந்தத் தடை இருக்கிறது.

பெயர் வந்த கதை சுருக்கமானது. 1848இல் பாரிசில் லூயி பிளாங் போன்ற சோசலிசவாதிகள் ‘வேலை பெறும் உரிமை’ கேட்டார்கள். அரசு வேலை தர வேண்டும் என்பது அதன் பொருள். 1941இல் டாலஸ் நாளிதழ் ஒன்றின் தலையங்கம் அதே சொற்றொடரைச் சங்கக் கட்டாயத்துக்கு எதிராகத் திருப்பியது. 1944இல் புளோரிடாவும் ஆர்கன்சாவும் அதைச் சட்டமாக்கின. நமக்கோ ‘வேலை உரிமை’ என்றதும் நம் அரசியலமைப்பில் வேலை பெறும் உரிமையைப் பேசும் 41ஆம் உறுப்பும் நூறு நாள் வேலையும்தான் நினைவுக்கு வரும். அதாவது பாரிஸ் பொருள்.

சரி, வேறு சொல்? சிலர் ‘சங்க மறுப்புரிமைச் சட்டம்’ என்கிறார்கள். கேட்க மிடுக்காக இருக்கிறது, ஆனால் அதுவும் தவறு. இந்தச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் சங்கத்தில் முழு உறுப்பினராகச் சேரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தைத்தான் கேட்க முடியும். சட்டம் வந்த பிறகும் பணம் கட்டாத தொழிலாளியைச் சங்கம் கைவிட முடியாது. சங்கம் பேசி வாங்கும் ஊதிய உயர்வு பணம் கட்டாதவருக்கும் உண்டு. அவருடைய குறைக்கும் சங்கம் நியாயமாக வாதாடியாக வேண்டும். வழக்குகளே இதிலிருந்துதான் கிளம்புகின்றன. 2012இல் இண்டியானா இச்சட்டத்தை இயற்றியதும், கனரக இயந்திரங்களை ஓட்டுபவர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. காசு தராதவருக்கும் உழைக்கச் சொல்வது எங்கள் உழைப்பைப் பறிப்பதல்லவா என்றது. மொத்தத் தொழிலாளருக்கும் நாங்களே பிரதிநிதி என்ற இடத்தை நீங்களாகக் கேட்டு வாங்கினீர்கள், கடமையும் அதோடு சேர்ந்ததுதான் என்று வாதாடியது மாநிலம். 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. மாநில உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அப்படியே செய்தது. மேற்கு வர்ஜீனியாவில் கீழ் நீதிமன்றம் ரத்து செய்த சட்டத்தை 2020இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மீட்டது. மாநிலங்களின் வாதம் கெட்டியானது என்றே நினைக்கிறேன். பெரியப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் ‘சங்க மறுப்பு’ என்று எழுதிவிட்டால் இந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதே புரியாது.

ஆகவே என் பரிந்துரை: கட்டாயச் சந்தா தடைச் சட்டம். ‘சந்தா’ தமிழா என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் சீறினார். ‘உறுப்புக் கட்டணம்’ என்று எழுதச் சொன்னார். ஐயா, உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கும் பணம்தானே இங்கே தகராறு! நம் ஆலை வாசலில் ரசீது புத்தகத்தோடு நிற்பவரும் சந்தா என்றுதான் கேட்பார். ‘கட்டாயம்’ ஒரு பக்கம் சாய்ந்த சொல் என்பது உண்மை. சங்கத்தார் அதை நியாயப் பங்கு என்பார்கள். ‘உரிமை’ அதைவிட அதிகமாகச் சாய்ந்தது.

அகராதியில் ரைட்டுக்கு ஒரு சொல், வொர்க்குக்கு ஒரு சொல் எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை என்ன செய்வது? இன்னும் சிலர், காரணம் சொல்லாமலே ஆளை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற வேறொரு விதியை இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2023இல் மிச்சிகன் இந்தச் சட்டத்தை நீக்கியது. ‘மிச்சிகனில் வேலை உரிமை ரத்து’ என்று மட்டும் யாராவது தலைப்புப் போட்டிருந்தால், அங்கே வேலை பார்ப்பதே குற்றமா என்று பெரியப்பா என்னை எழுப்பிக் கேட்டிருப்பார்.