ஆடாமல் அசையாமல் இருந்தால் அது கவனமா?

போன கிழமை மட்டும் நாலு அம்மாமார் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "ரீவிக்கு முன்னால விட்டா ரெண்டு மணித்தியாலம் ஆடாம அசையாம இருப்பான் மிஸ், அவனுக்குக் கவனம் காணாது எண்டு ரீச்சர் எப்படிச் சொல்லலாம்?"

திருகோணமலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் நான், இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, ஒருக்கால் விளக்கமாகவே சொல்கிறேன். கார்ட்டூனில் சில விநாடிக்கு ஒருமுறை காட்சி மாறும், சத்தம் மாறும், நிறம் பாயும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூளை தன்பாட்டில் திரும்பும், றோட்டில் டயர் வெடித்தால் நாங்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அதில் பிள்ளையின் முயற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடாமல் பாடாமல் கிடக்கிற ஒரு சாமானோடு பிள்ளை தானாகப் பத்து நிமிடம் மினக்கெட்டால் அதைக் கவனம் என்று சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அதைப் பார்க்கத்தான் என் மேசையில் ஒரு சிரட்டை வைத்திருக்கிறேன். மூதூரிலிருந்து வந்த நாலரை வயதுப் பிள்ளை அதைத் தொப்பியாக்கினாள், ஆமையாக்கினாள், பிறகு கவிழ்த்து வைத்து, "உள்ள ஆள் நித்திரை, கத்தாதீங்க" என்று என்னையே அதட்டினாள். அதே வயதுப் பெடியன் ஒருவன் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில என்ன வரும்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டும் இருந்தான். கெட்டிக்காரப் பெடியன்தான், காது கேட்டலிலும் பிழை இல்லை. (பேச்சுப் பிந்தினால் முதலில் கேட்டல் பரிசோதனை செய்யுங்கள், எல்லாவற்றையும் ரீவியின் தலையில் கட்டாதீர்கள்.)

கனடாவில் ஒரு பள்ளத்தாக்கு ஊருக்கு 1973 வரை ரீவி எட்டவில்லை. தானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழு அந்த ஊரை ரீவி வருமுன்பும், வந்து இரண்டு வருடம் கழித்தும் ஆராய்ந்தது. சாதாரணப் பொருள் ஒன்றை எத்தனை விதமாகப் பாவிக்கலாம் என்று கேட்டபோது, முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் பக்கத்து ஊர்களைவிடக் கூடுதலாக விடை சொன்னார்கள். இரண்டாம் முறை அந்த வித்தியாசம் இல்லை. என் சிரட்டையும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

இரண்டு வயதுக்குள் ரீவி வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது இது, நான் வீட்டில் சமைத்ததில்லை. ரீவியைக் காட்டிச் சோறு தீத்துவதை இன்றைக்கே நிறுத்துங்கள். "போரடிக்குது" என்று பிள்ளை சிணுங்கினால் உடனே றிமோட்டைத் தேடாமல் கொஞ்ச நேரம் சிணுங்க விடுங்கள், விளையாட்டு அதற்குப் பிறகுதான் வரும். கோட்டை வாசலில் மான் சும்மா நிற்கிறது, உப்புவெளிக் கடற்கரையில் மண் கிடக்கிறது, காசும் கேட்கவில்லை.

அம்மம்மாமாரே, உங்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் நாடகம் பார்க்கும்போது பிள்ளை பக்கத்திலே விளையாடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்தச் சத்தத்தில் அதன் விளையாட்டு அடிக்கடி அறுந்துபோகும், நீங்களும் அதோடு கதைப்பது குறைந்துபோகும். பிள்ளை நித்திரையானதும் பாருங்களேன். அடுத்த முறை கூட்டிக்கொண்டு வரும்போது, "சத்தம் குறைச்சுத்தான் வச்சிருக்கிறம் மிஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.