டிவிக்குப் போகிறீர்களா, முதலில் 3பியை எடுத்துப் பாருங்கள்

சேலத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கொலுசுப் பட்டறைக்காரர்கள், மீதி ஜவ்வரிசி, ஜவுளி, பலகாரம். முன்பெல்லாம் "சார், லோன் கிடைக்குமா" என்றுதான் வருவார்கள். தொழில் செய்கிறவர்கள் முதலீட்டாளர்கள் முன்னால் நின்று, பங்கு கொடுத்துப் பணம் கேட்கும் ஷார்க் டேங்க் இந்தியா என்ற ஷோ 2021 டிசம்பரில் சோனியில் ஆரம்பித்த பிறகு, முப்பதைத் தொடாத பிள்ளைகள் "ஷோவுக்கு அப்ளை பண்ணியிருக்கேன் சார், கணக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று வருகிறார்கள். கொஞ்சம் என்ன கொஞ்சம், அங்கே கேட்கப்போவதே கணக்கைத்தான்.

அப்படி வந்த ஒரு பெண் பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து தட்டுவடை செட்டைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறாள். தட்டை, காரச் சட்னிக்கும் பச்சைச் சட்னிக்கும் பொடி, எல்லாம் உள்ளே இருக்கும். காரட், பீட்ரூட்டை நாமே துருவிக்கொள்ள வேண்டும். குகைப் பக்கம் தள்ளுவண்டியில் தின்று வளர்ந்த எனக்கு இது ஒப்பவில்லை, ஆனால் வெளியூரில் இருக்கும் சேலத்துக்காரர்கள் வாங்குகிறார்கள், நன்றாகவே வாங்குகிறார்கள்.

"2024-25-ல சேல்ஸ் எவ்வளவு கண்ணு?" என்றேன். "ஒண்ணே கால் கோடிக்குப் பக்கம்ங்க சார், 1.20." விற்பனையையும் வரியையும் அரசுக்குக் காட்ட அவள் தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களைக் கூட்டிப் பார்த்தால் 71 லட்சம்தான் வருகிறது. பொய் சொல்கிற பெண் இல்லை. இரண்டு லட்சம் பாக்கெட் போயிருக்கிறது, எம்ஆர்பி 60 ரூபாய், பெருக்கிவிட்டாள், அவ்வளவுதான். அந்த 60-ல் கடைக்காரருக்கு 12, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 6 போக அவள் பில்லில் நிற்பது 42. அதற்குள் ஜிஎஸ்டி 4.50 இருக்கிறது (அப்போது நம்கீன் வகைக்கு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22-லிருந்துதான் 5 ஆனது), ஆக கைக்கு 37.50, மொத்தம் 75 லட்சம். நமத்துப்போனது, நொறுங்கியது, தேதி தாண்டியது என்று திரும்பி வந்தது 4 லட்சம். 71.

இந்த ஒரு தவறு மட்டும் எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன் தெரியுமா? கேமரா முன்னால் 1.20 என்று சொல்லிவிட்டால் அது ஒளிபரப்பாகும், யூடியூபில் நிற்கும், பிறகு முதலீட்டாளரின் ஆட்கள் 3பியையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நம் ஊர் கடைவீதியில் ஒரு பேச்சுக்குச் சொல்கிற கணக்கு அங்கே செல்லாது.

அடுத்தது, அவள் கேட்க நினைத்தது 5 சதவீதப் பங்குக்கு 50 லட்சம். அப்படியென்றால் பணம் உள்ளே வந்தபின் கம்பெனியின் மதிப்பு 10 கோடி என்று அவளே சொல்கிறாள், விற்பனையைப் போல் பதினான்கு மடங்கு. "அவங்க 20 சதவீதம் கேட்டா?" "யோசிப்பேங்க சார்." அப்போது அதே கம்பெனி இரண்டரைக் கோடி. இந்த யோசனையை லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு செய்யக்கூடாது, வீட்டிலேயே செய்து ஒரு எண்ணில் நிற்க வேண்டும்.

அதோடு கம்பெனி என்றே ஒன்று இல்லை. எல்லாம் அம்மா பேரில் தனிநபர் வியாபாரம், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் உட்பட. அதில் பங்கு கொடுக்க வழி கிடையாது. பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும், லைசென்ஸ் மாற வேண்டும். பிராண்டு பெயருக்கு டிரேட்மார்க் கூடப் போடவில்லை, தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய்தான் அரசுக் கட்டணம். ஊரே பார்க்கப் போகிற பெயரை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போகலாமா?

ஷோக்காரர்கள் நீட்டும் ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அமெரிக்க ஷார்க் டேங்கில் முதல் சில வருடங்கள், டீல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கலந்துகொண்டவரின் கம்பெனியில் 5 சதவீதப் பங்கு, இல்லாவிட்டால் லாபத்தில் 2 சதவீதம் தயாரிப்பாளருக்கு என்று ஒரு ஷரத்து இருந்தது. அந்த ஷோவின் முதலீட்டாளர்களில் ஒருவரான மார்க் க்யூபன் பிடிவாதமாக நின்றதால் 2013-ல்தான் எடுத்தார்கள். இங்கே அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை, படியுங்கள் என்கிறேன்.

ராயல்டி, அதாவது ஒவ்வொரு விற்பனையிலும் முதலீட்டாளருக்கு ஒரு பங்கு என்ற வார்த்தை வந்தால் இன்னும் உஷார். "விற்பனையில் மூணே மூணு சதவீதம்" என்று கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். இவளுக்கு 37.50-ல் எல்லாம் போக நிற்கும் லாபம் இரண்டே கால் ரூபாய். மூன்று சதவீதம் என்றால் 1.12. லாபத்தில் பாதி போச்சு.

சரி, போனாள். 71 என்றே சொன்னாள், திரும்பி வந்த சரக்கையும் மறைக்கவில்லை. ஒருவர் 50 லட்சத்துக்கு 18 சதவீதம் என்று கை குலுக்கினார். வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கை குலுக்கலில் ஒரு ரூபாய் நகரவில்லை. கணக்குச் சோதனை, மதிப்பீட்டாளர் அறிக்கை, பங்கு ஒதுக்கீடு என்று வரிசை இருக்கிறது. பணம் வந்தாலும் 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் படிவம் போடும்வரை அதைத் தொட முடியாது. டிவியைப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே என்று அவள் அப்பாவிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். நல்லவேளை, கேட்டார். ஐந்து மாதமாகிறது, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

ஒளிபரப்பான வாரம் ஆன்லைனில் ஆர்டர் குவிந்துவிட்டது. ராத்திரி பகலாகப் பேக் பண்ணி அனுப்பினார்கள். தட்டை கூரியரில் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை காலையில் போன் செய்தாள். "சார், உடைஞ்சு வந்ததுக்குப் பணம் திருப்பிக் கொடுத்துட்டேன், கிரெடிட் நோட் போடணுமாங்க?" விற்ற பில்லிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டைத்தான் கேட்கிறாள்.

போடணும் கண்ணு, இந்த மாசமே போட்டுடு என்றேன்.