செப்சிஸ் நோயாளிக்கு எத்தனை பாட்டில்?

அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் அண்மையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி அவருடைய ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை உறுப்புகளையே பாதிக்கும் இந்த நிலைதான் செப்சிஸ். முதலில் பார்த்த இடத்தில் மூன்று மணி நேரத்துக்குள் நான்கு பாட்டில் சலைன் ஏற்றியிருந்தார்கள். இதயத்தின் பம்பிங் குறைவு என்று சொல்லும் பழைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை மகனின் பையிலேயே இருந்தும் அதை யாரும் கேட்கவில்லை. அழுத்தம் ஏறவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு நுரையீரல்களின் அடியிலும் நீர் கோத்த ஒலி கேட்டது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ்கூட அதுவரை போடப்படவில்லை. "இன்னும் ஒரு பாட்டில் போட்டால் பிரஷர் ஏறிவிடுமா, டாக்டர்?" என்று மகன் கேட்டார். இதே கேள்வியை இதே நிலையில் இருக்கும் நோயாளியின் அருகில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

டிரிப்ஸ் ஏற்றினால் உடம்புக்குத் தெம்பு வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐந்து சதவீத குளுக்கோஸ் கரைசல் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான். அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 100 கலோரி. மூன்று இட்லி சாப்பிட்டாலே அதைவிட அதிகம் கிடைத்துவிடும். அந்தக் கரைசலில் பத்தில் ஒரு பங்குகூட ரத்தக் குழாய்க்குள் தங்காமல் உடலெங்கும் பரவிவிடுவதால், இறங்கிய ரத்த அழுத்தத்தைத் தூக்க அது உதவாது. உப்புக் கரைசல்களான சலைனும் ரிங்கர் லாக்டேட்டும் அதைவிடச் சற்று அதிகமாகத் தங்கும் என்றாலும், செப்சிஸில் ரத்தக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்குவதால் அவற்றிலும் பெரும்பகுதி விரைவில் திசுக்களுக்குள் போய்விடும். நுரையீரலில் கோக்கும் நீர் அப்படி வெளியேறியதுதான். மேலும், எந்த பாட்டிலும் கிருமியைக் கொல்வதில்லை. நோயைத் தீர்ப்பவை ஆன்டிபயாட்டிக்கும், சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றுவதும், அடைபட்ட சிறுநீர்ப் பாதையைத் திறப்பதும்தான். திரவம் அதுவரை உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச்சேர உதவுகிறது, அவ்வளவே.

பன்னாட்டு செப்சிஸ் வழிகாட்டுதல் கிலோவுக்கு 30 மில்லி என்று கூறுகிறதே என்று இளம் மருத்துவர்கள் கேட்பார்கள். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது ஒன்றரை லிட்டர், அதாவது மூன்று பாட்டில். 2016-இல் வலுவான பரிந்துரையாக இருந்த அதே அளவை 2021-இல் வெறும் ஆலோசனையாகத் தளர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கென்யா, உகாண்டா, டான்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இரண்டு நாள்களுக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் இறந்தவர்கள் ஏழு சதவீதத்தினர். ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும், திட்டமிட்டு அதிகத் திரவம் கொடுத்த குழுவில் 48 சதவீதமும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 33 சதவீதமும் இறப்பு பதிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், செயற்கைச் சுவாச வசதியும் அங்கே மிகக் குறைவு. ஆனால் நம் சிறு மருத்துவமனைகள் பலவற்றிலும் வெண்டிலேட்டர் கைக்கெட்டும் தூரத்திலா இருக்கிறது? எல்லா வசதியும் உள்ள அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் குறைவாகக் கொடுத்தவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை என்பதைத்தான் இவை அனைத்தும் கூறுகின்றன.

ஆகவே, ஒரு பாட்டில் முடிந்ததும் அடுத்ததை மாட்டுவதற்கு முன் நோயாளியைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியைப் பத்து நொடி அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் மூன்று நொடிக்குள் சிவக்க வேண்டும். இரண்டு கால்களையும் 45 பாகை உயர்த்திப் பிடித்தால் கால்களில் உள்ள சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறதா என்று எக்கோவில் பார்த்தால், ஒரு சொட்டுகூட ஏற்றாமலே, மேலும் திரவம் பயன்படுமா என்பது தெரிந்துவிடும். பயன்படாது என்றால், ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்குங்கள். சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைவரை செலுத்தும் குழாய்) போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரை வழியாக, அந்த இடத்தைக் கண்காணித்தபடி, உடனே தொடங்கலாம்.

இதைப் படித்துவிட்டுத் திரவமே கொடுக்கத் தயங்குபவர்களையும் கண்டிக்கத்தான் வேண்டும். டயாலிசிஸ் நோயாளி என்ற ஒரே காரணத்துக்காக, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வறண்டு வந்தவருக்கு மணிக்கணக்காக ஒன்றும் கொடுக்காமல் விடுவதும் அதே அளவு ஆபத்தானது. அவருக்கும் திரவம் வேண்டும். 250 மில்லியாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நுரையீரலைக் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் போதும்.

குடும்பத்தினரிடம் என் வேண்டுகோள் இது: காய்ச்சலோடு குழப்பமான பேச்சோ, வேகமான மூச்சோ, சிறுநீர் குறைவோ சேர்ந்தால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்போம் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது எக்கோ அறிக்கையையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். கடைசியாக டயாலிசிஸ் செய்த நாளைச் சொல்லுங்கள். நோயாளியை அனுப்பிவைக்கும் மருத்துவர்கள், எந்தத் திரவம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, ஆன்டிபயாட்டிக் எப்போது போடப்பட்டது என்ற நான்கையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.