கிளட்ச், ஃபிளைவீல்: உரசிணைப்பியும் நிலைமச் சக்கரமும்

கிளட்ச் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கையில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் விரல்களை மடக்கி இறுகப் பிடிப்பதைக் குறித்த வினையிலிருந்து அது வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைகளில் ஒரு சுழல்தண்டை இன்னொன்றோடு வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது பிரிக்கும் உறுப்புக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். கோழி ஒரே ஈட்டில் இடும் முட்டைகளையும் ஆங்கிலத்தில் கிளட்ச் என்பார்கள். அதன் வேர் வேறு. குஞ்சு பொரிப்பதைக் குறிக்கும் நார்ஸ் மொழி வினையிலிருந்து வந்தது அது. ஜெர்மன் மொழியில் நம் உறுப்புக்குப் பெயர் குப்லுங். பிணைப்பு என்று பொருள்படும் கோபுலா என்ற இலத்தீன் சொல் அதற்கு மூலம்.

ஒருவர் பிடியைப் பார்த்தார், இன்னொருவர் பிணைப்பைப் பார்த்தார். விடுவது இரண்டு பெயரிலும் இல்லை. ஆனால் கிளட்சின் வேலையில் பாதி விடுவதுதான். மீதிப் பாதியிலும் சட்டென்று பிடிக்காமல் கொஞ்சம் வழுக்கி, மெல்ல இறுகுவது அடக்கம். மேம்படுத்திய கிளட்ச் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிடியை மட்டும் கூட்டிவிட்டு, விடுவதையும் வழுக்குவதையும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு உரசிணைப்பி என்ற ஆக்கம் புழக்கத்தில் இருக்கிறது. கார் கிளட்சுக்கு இது பொருந்தும்: உராய்வால்தான் இணைக்கிறது, உரசும்போது வழுக்கவும் செய்யும். ஆனால் கிளட்ச் எல்லாமே உரசுவதில்லை. கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்சில் உரசலுக்கு வேலையே இல்லை. அதைக் கவ்விணைப்பி என்பது சரி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமென்றால் விடுபற்றி எனலாம். வெறுமனே பற்றி என்றால் 'பற்றியைப் பற்றி' என்று எழுத வேண்டிவரும்.

ஃபிளைவீல் என்ற சொல்லைப் பிரித்து மொழிபெயர்த்தவர்கள் பறக்கும் சக்கரம் என்றார்கள். இலங்கைப் பாடநூல் வழக்கில் அது பறப்புச் சில்லு. இங்கே ஃபிளை என்பது பறவையின் பறத்தல் அல்ல. கடிகாரங்களிலும் பிற பொறிகளிலும் வேகத்தை ஒழுங்குபடுத்தச் சுழலும் உறுப்புக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. 1780களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின்கள் சுழல் இயக்கத்துக்கு மாறியபோது, உலக்கைத்தண்டின் விட்டு விட்டு வரும் தள்ளலைச் சீராக்கப் பெரிய இரும்புச் சக்கரம் தேவைப்பட்டது. விசை வரும்போது வாங்கி வைத்துக்கொள்வதும், வராத நேரத்தில் திருப்பிக் கொடுப்பதும் அதன் வேலை. குயவர் திகிரி செய்வதும் இதுவே: கோலால் சுற்றிவிட்டுக் கையை எடுத்தபின் அது தன் கனத்தால் சுற்றிக்கொண்டிருக்கும். சமன் சக்கரம் என்ற வழக்கு அதன் பயனைச் சொல்கிறது. நிலைமச் சக்கரம் என்றால் அது எப்படிச் செய்கிறது என்பதும் விளங்கிவிடும். இனெர்ஷியா தமிழ்நாட்டில் நிலைமம், இலங்கையில் சடத்துவம்.

பட்டறையில் இவை எதுவும் செல்லாது. அங்கே கிளட்ச் பிளேட் (உரசும் தட்டு), பிரஷர் பிளேட் (அதை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்துவது), ரிலீஸ் பேரிங் (மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தத்தை விடுவிப்பது), ஃபிளைவீல்தான். கீழே இரண்டு வழக்கும் கலந்தே வரும். கிளட்சையும் ஃபிளைவீலையும் மேம்படுத்துவதற்கு எடுத்துக்காட்டாக 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கர ஓட்டம், எளிய அமைப்பு, டர்போ மாட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

பிடி எவ்வளவு வேண்டும்

உரசிணைப்பி தாங்கும் திருப்புவிசைக்கு (டார்க்) கணக்கு எளிது: உரசும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5இன் தட்டு 215 மி.மீ. விட்டம். உள்விட்டம் 150 மி.மீ. என்று கொண்டால் சராசரி ஆரம் 91 மி.மீ. முகங்கள் 2, தட்டின் மேல் ஒட்டிய சாதாரண ஆர்கானிக் (பிசினில் தோய்ந்த இழை) உறைக்குக் கெழு 0.3, அழுத்தம் 4,000 நியூட்டன் என்று வைத்தால் 218 நியூட்டன் மீட்டர் வருகிறது. 149 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கு இது தாராளம். டர்போ மாட்டி 250 ஆக்கினால் நான்காம் கியரில் வழுக்கும். அழுத்தத்தை 5,500 நியூட்டனாக்கினால் தாங்கும் அளவு 300ஐத் தொடும்; மிதியின் கனமும் அதே விகிதத்தில் ஏறும். மிதி அழுத்தும் விசையை முடிவில் தாங்குவது கிராங்க் தண்டின் உந்துதாங்கி (த்ரஸ்ட் பேரிங்). எனவே கனத்த பிரஷர் பிளேட் உள்ள வண்டியில், சிக்னலில் மிதியை அழுத்தியபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வருவது நல்லது.

கெழுவைக் கூட்டுவது இன்னொரு வழி. உலோகமும் பீங்கானும் கலந்த வில்லைகள் வைத்த தட்டுகள் அதிகச் சூட்டையும் அதிக விசையையும் தாங்கும். ஆனால் அவை இறுகுகிற இடைவெளி மிகக் குறுகியது: விட்டால் பிடி, இல்லையென்றால் இல்லை. பந்தயத் தடத்தில் குறையில்லை. நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்தால் வண்டி குதிக்கும், ஃபிளைவீல் முகமும் சீக்கிரம் தேயும். சாலையில் ஓட்டும் 250 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு, அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட்டும் நடுவில் சுருள்வில் உள்ள ஆர்கானிக் முழுவட்டத் தட்டுமே போதும். பெட்டிகளில் அச்சாகும் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 போன்றவற்றுக்குப் பொதுவான தரவரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் 2 இன்னொன்றின் 1ஆக இருக்கலாம். பார்க்க வேண்டியது திருப்புவிசை எண்ணையும் உறையின் பொருளையும்தான்.

1.6 லிட்டர் வண்டியில் தட்டு 200 மி.மீ.தான். 1.8இன் ஃபிளைவீலும் கிளட்சும் சேர்ந்து அப்படியே அதில் பொருந்தும் என்பதால், பலரும் முதலில் செய்வது அதுதான். ஃபிளைவீலை விட்டுக் கிளட்சை மட்டும் மாற்ற முடியாது. உரசும் முகத்தின் அளவு வேறு.

கனம் குறைந்தால்

எடையைக் குறைத்த ஃபிளைவீல் குதிரைத்திறனைக் கூட்டாது. எஞ்சின் தன்னையே சுழற்றிக்கொள்ளச் செலவிடும் ஆற்றலைத்தான் குறைக்கிறது, அதுவும் வேகம் ஏறும்போது மட்டும். 4 கிலோ குறைத்து, அந்தக் கனம் மையத்திலிருந்து சராசரி 10 செ.மீ. தள்ளி இருந்ததாகக் கொள்வோம். 1.6இன் முதல் கியர் விகிதம் 3.136, இறுதி விகிதம் 4.3, சக்கர ஆரம் ஏறத்தாழ 29 செ.மீ. கணக்கிட்டால், முதல் கியரில் வண்டியின் எடையில் சுமார் 87 கிலோ இறங்கியதற்குச் சமம். நான்காம் கியரில் அதே மாற்றம் 9 கிலோவுக்குத்தான் சமம். முடுக்கியதும் எஞ்சின் துள்ளி எழுவதும், கியர் குறைக்கும்போது சுழற்சி வேகம் எளிதாகப் பொருந்துவதும் உண்மை. நெடுஞ்சாலையில் பெரிய வேறுபாடு தெரியாது.

திருப்பிக் கொடுக்கச் சேமிப்பு குறைவு என்பதால், கிளட்சை விடும்போது எஞ்சின் அணைந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஐடிலில் நடுக்கம் கூடும். நியூட்ரலில் கியர் பெட்டியிலிருந்து கடகடவென்ற ஓசை வரலாம். எஞ்சினின் துடிப்பு வடிகட்டப்படாமல் பற்களுக்குப் போவதால் வரும் ஓசை அது, பழுது அல்ல.

இந்தத் துடிப்பை விழுங்கவே 1985இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் இருநிறை ஃபிளைவீலைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. நடுவே வில்கள் கொண்ட இரண்டு தட்டுகள் அவை. அப்படிப்பட்ட வண்டியில் ஒற்றை நிறைக்கு மாறுகிறவர்கள், நடுவில் சுருள்வில் உள்ள தட்டையே போட வேண்டும். வில்லில்லாத கெட்டி மையத் தட்டு போட்டால் அதிர்வு முழுவதும் கியர் பெட்டியின் தலையில் விழும்.

பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் எடை குறைக்கக் கடைசலில் கொடுத்துச் செதுக்குவதை அடியோடு தவிர்க்க வேண்டும். 28 செ.மீ. விட்டச் சக்கரம் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாய்கிறது. விரிசல் விட்டால் துண்டுகள் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கையும் தரைத்தகட்டையும் துளைத்து, ஓட்டுநரின் கால் பக்கம் வரும். குரோம்மோலி எஃகில் கடைந்ததோ, எஃகு உரசுமுகம் பதித்த அலுமினியமோ, எஸ்எஃப்ஐ 1.1 என்ற பாதுகாப்புச் சான்றோடு வாங்குவதே முறை.

மாட்டும் வேலை

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்ற வேண்டும். கியர் பெட்டி எண்ணெய் சுமார் 2 லிட்டர். முதலில் வடிக்காவிட்டால், ப்ரொப்பெல்லர் தண்டை உருவியதும் வால்பக்கம் வழியாக நம் மேல் கொட்டும். தண்டின் விளிம்பில் அடையாளம் போட்டுக் கழற்றினால் அதே நிலையில் திரும்பப் பூட்டலாம். உள்ளிருந்து கியர் கம்பியை எடுக்க வேண்டும். எம்எக்ஸ்-5இல் கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. அது இறங்காமல் பெட்டி இறங்காது. மிதியின் விசையைத் திரவம் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுசேர்க்கும் ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தால் போதும். ஆனால் அதன்பின் யாரும் மிதியைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

பெட்டி 35 கிலோ அளவில் கனக்கும். நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளீட்டுத் தண்டு தட்டின் நடுவில் செருகியிருக்கும்போது பெட்டியைத் தொங்கவிட்டால் தட்டு வளைந்துவிடும். திரும்ப ஏற்றும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்போது வளைவது புதுத் தட்டு.

ஃபிளைவீல் இறங்கியதும் கிராங்கின் பின்சீலில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சீலை விட்டால், எண்ணெய் புதுத் தட்டில் ஏறிப் பெட்டியை மறுபடி இறக்க வைக்கும். உள்ளீட்டுத் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கும் ரிலீஸ் பேரிங்கும் எந்த நிலையில் இருந்தாலும் புதிதுதான். கிராங்க் விளிம்பில் துருவோ தூசியோ இருந்தால் ஃபிளைவீல் கோணலாக அமரும். பூட்டியபின் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றினால் ஆட்டம் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபிளைவீலின் 6 போல்ட்டுகளையும் எதிரெதிராக, சில சுற்றுகளில் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். துளை கிராங்க் அறைக்குள் திறக்கும் எஞ்சின்களில் மரையில் சீலன்ட் பூசாவிட்டால், எண்ணெய் மரைவழியே ஊறிவரும். நீளும் வகை போல்ட் உள்ள வண்டிகளில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

புது ஃபிளைவீல் முகத்திலும் பிரஷர் பிளேட்டிலும் துருத் தடுப்பு எண்ணெய் பூசித்தான் வரும். பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்தபின் விரல் படக் கூடாது. தட்டின் வில் புடைத்த பக்கம் கியர் பெட்டியைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டுகளில் இடித்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் விடாது. உள்ளீட்டுத் தண்டின் ஸ்பிளைனில் (தட்டோடு கோத்துக்கொள்ளும் வரிப்பற்கள்) பூசும் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். தட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்தெடுக்க வேண்டும். மிஞ்சினால் சுழலும்போது உறைமேல் தெறிக்கும்.

தட்டை நடுவில் நிறுத்தும் மையக் கருவியைச் செருகிவைத்து, பிரஷர் பிளேட்டின் 6 போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இரண்டிரண்டு சுற்று, எதிரெதிராக இறுக்க வேண்டும். முடிவில் 19 முதல் 26 நியூட்டன் மீட்டர். ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினால் பிளேட்டின் மூடி வளைந்து, அதன் நடுவில் விரல்போல நீளும் வில்முனைகள் ஒரே மட்டத்தில் நிற்காது. பிறகு வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். பெட்டி ஏறும்போது கடைசி ஒரு செ.மீ. நகரவில்லையென்றால் பெல் ஹவுசிங் போல்ட்டைப் போட்டு இழுப்பது பலரும் செய்யும் வேலை. போல்ட் மாட்டும் காது உடையும், அல்லது தட்டு வளையும். நகராததற்குக் காரணம் ஸ்பிளைன் பொருந்தாததோ கோணமோதான். பின்விளிம்பைப் பிடித்துத் தண்டை லேசாகச் சுழற்றினால் தானே அமரும்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஆர்கானிக் தட்டுக்கு முதல் 800 கி.மீ. நகர ஓட்டம் வேண்டும். பாய்ச்சிக் கிளம்புவதோ, நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டி மைலேறுவதோ கணக்கில் சேராது. முகங்கள் ஒன்றுக்கொன்று படிய, பிடித்து விடுவது பலமுறை நடக்க வேண்டும். அதன்பின் நான்காம் கியரில் 2,500 சுழற்சியில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் வழுக்குகிறது என்று பொருள். ரிவர்ஸ் போடும்போது பல் கரகரத்தால் சிக்கல் எதிர்த்திசையில்: முழுமையாக விடவில்லை. புதுத் தட்டு மேல் பழி போடுவதற்கு முன் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கலாம். எம்எக்ஸ்-5இல் அதன் சீல் தேய்ந்து கசிவது அடிக்கடி நடப்பது. பிரஷர் பிளேட் கனமானதும் மிச்ச உயிரும் போய்விடும். சிலிண்டரை மாற்றி, டாட் 4 பிரேக் திரவம் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாலே பெரும்பாலும் பல் கரகரப்பு நின்றுவிடும்.