டேங்க்கில் மேக்ஸ் கோடு வரை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள்

கூலன்ட் மாற்றிய மறுநாளே வண்டி சூடாகிறது என்றால் தீர்ப்புகள் வரிசையாக வந்துவிடும். கூலன்ட் போலி, வாட்டர் பம்ப் போச்சு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. பொருள் வாங்க ஓடும் முன் ஒரே ஒரு கேள்வி: எத்தனை லிட்டர் வெளியே வந்தது, எத்தனை லிட்டர் உள்ளே போனது? யாரும் அளப்பதில்லை. "மேக்ஸ் வரைக்கும் ஊத்திட்டேனே" என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில்.

அந்தக் கோடு சொல்வது பிளாஸ்டிக் டேங்க்கின் நிலவரத்தை மட்டுமே. ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கும் வண்டியில், அந்த டேங்க் மெல்லிய குழாயால் மூடியின் கழுத்தோடு இணைந்த வெறும் சேமிப்புப் பாத்திரம். எஞ்சின் சூடாகி, பிறகு குளிரும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் அதிலிருந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். அதில் மட்டும் ஊற்றினால் ரேடியேட்டர் 2 லிட்டர் குறைவாக இருந்தாலும் கோடு அசையாது. அழுத்தத்தில் இயங்கும் டேங்க் உள்ள வண்டியில் கூலன்ட் தானாக இறங்கும், உண்மைதான். ஆனால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்கான வழியை அடைத்து வைக்கும் வால்வு) மூடியிருக்கும்வரை எஞ்சின் பிளாக்கிலும், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் மாட்டிக்கொண்ட காற்று முழுதாக வெளியேறாது. டேங்க் நிறைந்திருக்கும், எஞ்சின் நிறைந்திருக்காது. இரண்டும் வேறு வேறு!

கிணற்று மோட்டார் ஏர் பிடித்தால் சும்மா சுற்றுமே, வாட்டர் பம்ப்புக்கும் அதே கதி. இதில் மீட்டர் முள்ளையும் நம்ப முடியாது. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும்; காற்றில் இருந்தால் முள் குதிக்கும், அல்லது எஞ்சின் கொதிக்கும்போதும் கீழேயே கிடக்கும். ஃபேனும் ஓடாது. பழி ஃபேன் மோட்டார் மேல் விழும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தும் குளிர்ந்த காற்று வருகிறதா? டேஷ்போர்டுக்குப் பின்னால் குடத்தில் தண்ணீர் அலம்புவது போலச் சத்தம் கேட்கிறதா? ஏர்லாக்கைத்தான், அதாவது உள்ளே மாட்டிய காற்றைத்தான், முதலில் பாருங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். ஊற்றும் வாய்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். ஹீட்டர் முழுச் சூட்டில், புளோவர் குறைந்த வேகத்தில். காற்றை வெளியே விடும் பிளீடர் ஸ்குரூ இருந்தால் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் ஒரே தாரையாக வரும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஐடிலில் ஓடட்டும். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அந்த நொடியில் மட்டம் சட்டென்று இறங்கும், அங்கேதான் மறுபடி ஊற்ற வேண்டும். பலர் அதற்குள் மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பொறுங்கள். வாக்குவம் வைத்து நிரப்ப வேண்டிய வண்டிகளும், ஸ்கேனர் மூலம் மின்சார பம்ப்பை ஓட்டிக் காற்றெடுக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கையேடு சொல்வதே வழி.

இனி கணக்கு. மொத்தக் கொள்ளளவு 5.5 லிட்டர் என்று வையுங்கள். ரேடியேட்டரைத் திறந்தால் 3 லிட்டர்தான் வந்தது, மீதி பிளாக்கில் நிற்கிறது. 3 வெளியே வந்து 2.2 மட்டும் உள்ளே போயிருந்தால், 800 மில்லி காற்று உள்ளே இருக்கிறது. தண்ணீர் விட்டு அலசியிருந்தால் வேறு சிக்கல்: தங்கிய 2.5 லிட்டர் வெறும் தண்ணீரோடு பாதித் தண்ணீர் கலந்தே வரும் ரெடி மிக்ஸ் 3 லிட்டர் சேர்ந்தால், 50 சதவீதம் இருக்க வேண்டிய கிளைகால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) 27 சதவீதம்தான் தேறும். அலசிய வண்டிக்கு தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் 2.75 லிட்டர் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் சாயம். பார்க்க வேண்டியது கையேட்டில் உள்ள தர எண்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்பவர்களிடம் இனியும் வாதாடத் தெம்பில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது, எரிபொருள் வீணாகும். சில எஞ்சின்களில் ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழி திறந்தே இருப்பதால், சுடு கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பும்; மேட்டில் இன்னும் சூடாகும்.

இரண்டு முறை ஒழுங்காகக் காற்றெடுத்தும் குமிழி நிற்கவில்லையா? ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? இனி அது ஏர்லாக் இல்லை, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். ஓட்டிப் பார்க்காதீர்கள், கூலன்ட்டில் எஞ்சின் புகை கலந்திருக்கிறதா என்று ஒரு திரவத்தால் பார்க்கும் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் எரிந்த புகை கசிந்தால் அந்த நீலத் திரவம் மஞ்சளாகும்.

சூடான மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே 1 பார் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிய திரவம் நிற்கிறது. திருகிய கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். சிந்தியதைக் கழுவிவிடுங்கள். கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே கொன்றுவிடும்.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மூன்று காலை பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கினால் எஞ்சிய காற்று வெளியேறியிருக்கும், நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் கசிவு. பிரஷர் டெஸ்டுக்கு விடுங்கள்.